யாருடைய வேலை குறைந்தது?

எழுபதுகளில் பம்பாய் ஆண்டாப் ஹில் சென்ட்ரல் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் எங்கள் ஆட்டுக்கல் பால்கனி ஓரத்தில் கிடந்தது. சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் அப்பா உளுந்து ஆட்டுவார், அரிசி அம்மாவுக்கு. மாவைத் தள்ளிவிடுவது அக்கா. கெரசின் வரிசையில் டின்னோடு நிற்பது நான். குழாயில் தண்ணீர் வரும் விடியற்காலையில் வீடே எழுந்து பிடித்து வைக்கும். வேலை கடுமைதான், தோளில் தைலம் தேய்க்காமல் அம்மா படுத்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் அதில் பங்கிருந்தது.

முதலில் சுமீத் மிக்ஸி வந்தது. வெளிநாட்டு மிக்ஸிகள் நம் அரைப்புக்குத் தாங்கவில்லை என்று அறுபதுகளில் பம்பாயிலேயே சத்ய பிரகாஷ் மாத்தூர் உருவாக்கியது அது. பிறகு காஸ். பிறகு கிரைண்டர், 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி செய்து காட்டிய இயந்திரத்தின் வழிவந்தது. கடைசியில் வாஷிங் மெஷின்.

அம்மாவுக்கு இவை தந்தது பெரிய விடுதலை. தோள்வலி போயிற்று. மத்தியானங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். தன் பெயரில் பாங்க் கணக்கு தொடங்கினாள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. கிரைண்டர் வந்ததும் அப்பா ஆட்டுக்கல்லை விட்டு எழுந்தார். காஸ் வந்ததும் என் வரிசை முடிந்தது. அக்காவும் பாடப் புத்தகத்துக்குப் போனாள். ஊறவைப்பது, களைவது, மாவை வழிப்பது, கல்லைக் கழுவுவது எல்லாம் அம்மாவிடமே தங்கின. ஞாயிற்றுக்கிழமைப் பலகாரமாக இருந்த இட்லியை நாங்கள் தினமும் கேட்க ஆரம்பித்தோம். ஒருமுறை உடுத்திய சட்டையும் துவைக்க வந்தது. மெஷின் எங்கள் பங்கை எடுத்துக்கொண்டது. அம்மாவின் பங்கில் பாதியைத்தான் எடுத்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம்.

இன்று என் வீட்டில் கிரைண்டர் என் பொறுப்பு, அரிசி ஊறவைப்பது முதல் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை. மெஷின் வாங்கிக் கொடுப்பதோடு ஆண்பிள்ளையின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அதை என் மகனும் இப்போதே பழகட்டும் என்று உளுந்து களையும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறேன்.