ஆறாம் நாள் அண்ணாச்சி

கழுகுமலையில் சளி சீசன் கந்த சஷ்டியோடு தொடங்கிவிடும். சூரசம்ஹாரம் பார்க்க அப்பன் தோளில் ஏறிய பிள்ளை, கையில் சேமியா ஐசும் மூக்கில் ஈரமுமாகக் கீழே இறங்கும். ஐப்பசி மழை, செருப்பை விடாமல் பிடிக்கும் கரிசல் சகதி, விடியக்காலத்துப் பனி என்று பழி போட ஆளுக்குப் பஞ்சமில்லை. கூட்டத்தில் பக்கத்தில் நின்றவர் தும்மினாரே என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

மறுநாளே ஆச்சி களத்தில் இறங்கிவிடுவாள். அவள் வைத்தியம் வெட்டுவான் கோயிலைக் குடைந்த மாதிரி, மேலிருந்து கீழே வரும். உச்சந்தலையில் சுக்குப் பற்று. மூக்குக்கு விரலி மஞ்சளை விளக்கில் சுட்ட புகை. நாக்குக்கு வசம்பு. நெஞ்சுக்குக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். பாண்டியர் காலத்துச் சிற்பிகளைப் போலவே அவளும் அடிப்பகுதியை முடித்ததில்லை. பாதத்துக்குத் தைலம் எடுப்பதற்குள் பிள்ளை அடுத்த வீட்டில் இருக்கும்.

இந்தச் சந்தடியில் நிதானமாகப் படியேறுகிறவர்தான் நம் அண்ணாச்சி. தெருவுக்கு ஒருவர் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். கை சும்மா இருக்காது, இப்போது தெருப்பிள்ளைகளின் சளிக்குக் கணக்கு வைத்திருக்கிறார். பிள்ளையைப் பார்க்குமுன் கேட்பார்:

“இன்னைக்கு எத்தனாவது நாளு?”

“ரெண்டு, மாமா.”

“இன்னும் பழுக்கலை தாயி. பழுக்கட்டும், வாரேன்.”

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் நாள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். அன்றைக்குத்தான் வீடு ரெண்டுபடும்: மூக்கு அடைத்து, ராத்திரி தூக்கம் கெட்டு, ஆச்சியும் மருமகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். ஆறாம் நாள் காலையில் சட்டைப்பையிலிருந்து அண்ணாச்சி ஒரு பொட்டலத்தை எடுப்பார். உள்ளே இரண்டே இரண்டு கற்பூரவல்லி இலை. சோறு கொதிக்கிற பானை மூடிமேல் அவற்றை வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, நாலு சொட்டுச் சாறு. மறுநாள் சாயங்காலம் பிள்ளை தெருவில் டயர் உருட்டும். அஞ்சு நாள் அரைத்து, இடித்து, புகைபோட்ட ஆச்சிக்கு இடுப்புவலி, பேர் அண்ணாச்சிக்கு.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாக இறங்கிவிடும். ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே கிடையாது. வைரஸின் பெயர் அண்ணாச்சிக்குத் தெரியாது. பேரேடு தெரியும், போதாதா?

ஆளைச் சும்மா எத்தன் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. எந்த நாள் வந்தாலும் பிள்ளையின் சட்டையைத் தூக்கி வயிற்றையும் விலாவையும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மூச்சு எத்தனை என்று எண்ணுவார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு இது: ஒரு வயது தாண்டியதற்கு நாற்பது, அதற்குக் கீழே ஐம்பது, ரெண்டு மாசம் ஆகாததற்கு அறுபது. அந்த எண்ணைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ பழுக்கிற பேச்சே கிடையாது. அடுத்த காப்பிக்கு நிற்காமல் கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துவிடுவார்.

மறியலும் செய்வார். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடாது, சிலசமயம் அதிலிருக்கும் கிருமியைப் பச்சைக்குடல் தாங்காது என்பார். ஆச்சிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

“இந்த வீட்டுல எல்லாருக்கும் தேன் தொட்டு வச்சுத்தான் பேரு விட்டது. கொழுந்தனாருக்கு மட்டும் ரெண்டு கரண்டி ஊத்தியிருப்பாக போல, வாய் இந்த நீளம் நீண்டிருக்கு.”

“மதினி, தேன் கிடக்கட்டும். அந்தக் கற்பூரத்தை மொதல்ல பரண்ல ஏத்துங்க. பிள்ளை எடுத்து முழுங்கினா வலிப்பு வந்துரும்.”

நொச்சி போட்டுக் கொதிக்கிற சட்டியையும் பிள்ளை கைக்கு எட்டாத தூரத்துக்கு அவரே நகர்த்திவிடுவார். மூக்குக்கு உப்புத்தண்ணிச் சொட்டு, வயிற்றுக்கு வெதுவெதுப்பான கஞ்சி, மிளகுக் காரம் குறைத்த ரசம். இவற்றுக்கு அனுமதி உண்டு. மெடிக்கலில் சிரப் வாங்கி வந்தவன் மாட்டினால் தொலைந்தான். சட்டைப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டு ஒன்று வெளியே வரும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் பிள்ளைகள் செத்ததும், 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்தே எழுதவேண்டாம், 5 வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னதும் அதில் இருக்கும். அதைப் படிக்கும்போது மட்டும் அவர் குரலில் கிண்டல் இராது. ஆச்சியும் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

போன சஷ்டிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவனுக்குச் சளி இறங்கிய சந்தோஷத்தில் ஆச்சி வீட்டில் பணியாரம். அண்ணாச்சி நாலாவது பணியாரத்தில் இருந்தபோது, உள்ளேயிருந்து மருமகள் குரல் கொடுத்தாள்:

“மாமா, பெரியவன் தும்ம ஆரம்பிச்சுட்டான்!”

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அப்ப நான் வெள்ளிக்கிழமை வாரேன் தாயி.”