மார்கழி ராலிக்காரர்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு காரையும், அதைவிடச் சற்று மூத்த ஒரு முதுகெலும்பையும் வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் காட்டுப் பாதையில் போட்டிக்குப் போகிறவர் மார்கழி ராலிக்காரர். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இந்த இனம் உண்டு என்றாலும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் கிடைப்பது தனி ரகம். இதற்குக் காரணம் கொட்டகை. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த காலத்தில் கட்டிய வீடுகள் இங்கே ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிய பிறகும் ஒரு காரை மறந்துவிட்டுப் போக இடம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கார் போகவில்லை, ஸ்டார்ட் ஆகாததும் ஒரு காரணம்.

கொட்டகையில் இருப்பது பெரும்பாலும் அம்பாசடராகவோ பத்மினியாகவோ இருக்கும். ஆனால் அசல் ராலிக்காரரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் இருக்கும். இத்தாலியர் மிக்கெலோட்டி வடிவமைத்த இந்தக் காரை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்தது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவைத் தவிர வேறெங்கும் பிறக்கவில்லை என்பதைக் காரில் ஏறுகிற ஒவ்வொருவரும் கதவைச் சாத்துவதற்குள் கேட்டாக வேண்டும். அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர்மீதே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உள்ளே இருக்கும் சீட்டுகளைவிட அந்த டயரில் ஆள் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம்.

வண்டி ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். வீட்டில் எத்தனை பங்கு உண்டோ, காரிலும் அத்தனை உண்டு. ஐயா பெயரில் ஆர்.சி. புத்தகம் இருக்கும், பங்காளிகளில் ஒருவர் மலேசியாவில், ஒருவர் டெக்சாஸில் இருப்பார். ராலிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் எல்லோர் சம்மதமும் வாட்சப்பில் வந்து சேர வேண்டும். ரிப்பேர்ச் செலவில் பங்கு கேட்டால் மட்டும் அந்தக் குழுவில் இரண்டு நாள் யாருக்கும் நெட்வொர்க் இருக்காது.

இவருடைய கல்வி முழுக்க ஐரோப்பியக் கல்வி. மான்டே கார்லோ ராலி 1911 ஜனவரியில் தொடங்கியது, பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலி 1960இல் காட்டுக்குள் நுழைந்தது, அந்த ஆண்டு முதல் தொடர்ந்து மூன்று முறை ஸ்வீடன்காரர் எரிக் கார்ல்சன் சாப் காரில் ஜெயித்தார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். காரைக் கவிழ்ப்பதில் பேர்போன கார்ல்சனுக்குக் 'கூரைமேல் கார்ல்சன்' என்றே பட்டப்பெயர் விழுந்ததைச் சொல்லும்போது ராலிக்காரரின் குரலில் பொறாமை கலந்திருக்கும். 1966இல் மினி கூப்பர்கள் மான்டே கார்லோவில் முதல் மூன்று இடத்தைப் பிடித்தும் முகப்பு விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று நீக்கப்பட்ட விவகாரத்தில் அவர் இன்னும் சமாதானமாகவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வருவதற்குள் அந்த அநியாயத்தைக் கேட்டு முடித்திருப்பார்.

சிக்கல் என்னவென்றால், செட்டிநாட்டில் பனி பெய்யும், உறையாது. விடிகாலையில் இருபது டிகிரியை ஒட்டி இறங்கினாலே ஊரில் மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் வெளியே வந்துவிடும். காடும் அப்படித்தான். காப்புக்காடுகளில் பந்தயத்துக்கு இடமில்லை. இந்தியாவில் காட்டு ராலி என்றால் பெரும்பாலும் சிக்மகளூர்க் காப்பித் தோட்டம் போன்ற தனியார் நிலங்கள்தான். காரைக்குடியைச் சுற்றி வாய்த்தவை தைலமரக் காடும் முந்திரிக் காடும், இரண்டுக்கும் நடுவே சீமைக்கருவேலமும். இருந்தாலும் இந்த மண்ணைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய செம்மண் தடத்தில் வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். கண்மாய்க் கலுங்கு வழிந்தால் பாதை எங்கே என்பதே ஊகம். ஸ்வீடனில் ஆணி பதித்த டயர் போட்டுச் சமாளிப்பதை இங்கே ஆச்சி கொடுத்தனுப்பும் டின்கள் செய்கின்றன. ஹெரால்டு பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. டிக்கியில் சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் என்று பாரம் ஏறியிருந்தால் சேற்றில் பிடிமானம் நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் வண்டி வழுக்கத் தொடங்குவது டின் காலியாவதால்.

உடன் வரும் வழிகாட்டி பெரும்பாலும் மைத்துனர், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். இது தற்செயல் அல்ல. பழைய கார்ப் போட்டிகளில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. குறித்த சராசரி வேகத்தில், குறித்த விநாடியில் சோதனைச் சாவடியைத் தொட வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 100 விநாடி. சாவடி எங்கே இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தாமதமாக வந்தால் தண்டப் புள்ளி; சீக்கிரம் வந்தாலும் தண்டம், பல போட்டிகளில் அது இன்னும் கூடுதல். ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் கதவு திறந்து 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய மரபுக்கு இதெல்லாம் வீட்டுக் கணக்கு. மைத்துனர் மடியில் வழிப்புத்தகம், கையில் இரண்டு ஸ்டாப் வாட்ச், காதில் பென்சில் சகிதம் ஐந்தொகை எழுதுகிறவரைப்போல உட்கார்ந்திருப்பார். "அத்தான், பதினோரு விநாடி முன்னாடி போறீக" என்பார். வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் போகிற அத்தானுக்கு அது ரசிக்காது.

போட்டி நாள் பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்குகிறது; அல்லது தொடங்குவதில்லை. மார்கழிப் பனி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்கியிருக்கும். சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் வண்டி இருமும். மூடியைக் கழற்றி, உள்ளே வேர்த்திருக்கும் ஈரத்தை மெக்கானிக் துண்டால் துடைத்து, பாயின்டை எமரி பேப்பரில் இரண்டு இழு இழுத்து, இடைவெளிக்குத் தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பார்ப்பார். "மொதலாளி, கண்டன்சர் புதுசு. அதான் ஓடல" என்று பழையதை மாட்டுவார். ஓடும். அதுவும் வாய்க்காவிட்டால் "தள்ளணுமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே நாலு பையன்கள் வந்து சேர்வார்கள். பத்து மணி வெயில் ஏறியதும் வியாதி தலைகீழாகும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பனிக்கால ராலிக்காரர் பெட்ரோல் பம்புமீது ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டு நிற்பார்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிப் போக நேர்ந்தால் கூடுதல் கவனம் தேவை. மழைக்குப் பின் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருக்கும் காலம் அது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. அங்கே ஒரு ஹெரால்டு சைலன்சர் வழியாக 'டமார்' என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் ராலிக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதும் உண்டு. சராசரி வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்பது மைத்துனரின் கணக்கு. போட்டி தைக்குத் தள்ளிப்போனால் இன்னொரு சங்கடம்: குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடி. வழியில் நிற்கும் காரை நடைக்காரர்கள் நலம் விசாரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அவர்கள் பழனி சேரும் நாள் எல்லோருக்கும் தெரியும்.

பரிசளிப்பில் யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஆண்டு, குதிரைத்திறன், கதவு எண்ணிக்கை என்று பிரிவுகளைப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு காரும் தன் பிரிவில் முதலாவது. ராலிக்காரர் மனம் நோவது 'சிறந்த பராமரிப்பு' கோப்பையைக் கொடுத்தால் மட்டுமே. கதவில் காய்ந்த செஞ்சேற்றை ஒரு மாதம் கழுவ விடாமல் வைத்திருந்து, வருவோர் போவோர் கேட்கட்டும் என்று காத்திருக்கிற மனிதர் அவர். "அவுக சேத்தக் கழுவ விடமாட்டேங்கிறாக" என்று ஆச்சி பெரிய வீட்டில் போய்ச் சொல்வார்.

மற்ற மாதங்களுக்குச் சட்டம் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி 20,000 ரூபாய் கட்டிப் பதிந்தால் 'வி.ஏ.' எழுத்துடன் தனி எண் கிடைக்கும். அந்த எண்ணுள்ள கார் அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகாது. கண்காட்சி, பழைய கார் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் இறங்கலாம். இதில் ராலிக்காரருக்கு எந்த நஷ்டமும் இல்லை. சொந்தக்காரர் வீட்டுச் சாந்திக்கல்யாணம் நடக்கும் மண்டபம் எப்போதும் பெட்ரோல் பங்குக்குப் போகிற வழியில்தான் அமைகிறது. நிறுத்தி விசாரிக்கும் போலீஸ்காரரிடம் "ரிப்பேருக்குப் போறேன் தம்பி" என்பார். வண்டி நின்றபின் திரும்பக் கிளம்பாததால், அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகிவிடும்.