பறக்காத விமானம், பறக்கும் விலை

கேள்வி: 1:400 அளவு உலோக மாதிரி விமானங்களைச் சேர்க்கிறேன். கடையில் வந்த விலையைவிடக் கைமாறும்போது கூடுதலாகக் கேட்கிறார்களே, ஏன்? (வாசகர், திருச்சி)

பதில்: கடையில் தீர்ந்துவிட்டதே, அதனால்தான்! ஒரு விமானத்தை ஒரு நிறுவனத்தின் நிறத்தில், ஒரு பதிவு எண்ணோடு ஒருமுறை செய்வார்கள். பல நேரங்களில் சில நூறு பெட்டிகள்தான். அதே எண்ணில் இன்னொரு முறை பெரும்பாலும் வராது. பிறகு வேண்டும் என்பவருக்குப் பழைய பொருள் சந்தையை விட்டால் வேறு வழியில்லை. இதோடு, இவற்றைச் செய்யும் சீனத் தொழிற்சாலைகளில் கூலி ஏறியிருக்கிறது, கப்பல் செலவும் ஏறியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் பொறிக்க உரிமக் கட்டணம் வேறு. புதிய பெட்டியின் விலை ஏறினால், பழைய பெட்டி வைத்திருப்பவர் தன் விலையை அப்படியே விட்டு வைப்பாரா?

கேள்வி: வெளிநாட்டவரைவிட நமக்கு மட்டும் கூடுதலாக வலிக்கிறதே? (வாசகி, கோவை)

பதில்: சுங்கவரி. சுங்கப் பட்டியலில் மாதிரி விமானமும் குழந்தையின் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மை இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள்; 2023இல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி அது. அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இங்கே பெரிதாக யாரும் செய்யாத ஒரு பொருளுக்கு அதே வரி எதற்கு? இதனால், ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட விமானத்தை விற்பவர், தான் கட்டாத வரியையும் விலையில் சேர்த்துக் கேட்கிறார். பேரம் பேசும்போது அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: ஏர் இந்தியா ஜம்போவுக்கு இவ்வளவு மவுசு ஏன்? (வாசகர், மதுரை)

பதில்: ஒவ்வொரு ஜன்னலுக்கும் அரண்மனைச் சாளரம் போல வளைவு வரைந்த விமானம் வேறு எது? 2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் கடைசி 747 ஜம்போ மும்பையை விட்டுக் கிளம்பியது. இனி நேரில் பார்க்க முடியாது என்பதால் அலமாரியிலாவது இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். 2012இல் ஓய்ந்த கிங்ஃபிஷர், 2019இல் நின்ற ஜெட் ஏர்வேஸ் மாதிரிகளைத் தேடுகிறவர்களுக்கும் இதே மனசுதான்.

கேள்வி: அப்படியானால் கான்கார்டு மாதிரி தங்கத்துக்குச் சமம் என்று சொல்லலாமா? (வாசகர், சேலம்)

பதில்: சொல்ல முடியாது. நிஜ கான்கார்டு மொத்தமே 20தான் கட்டினார்கள், 2003இல் ஓய்வும் கொடுத்தார்கள். ஆனால் மாதிரி செய்கிற கம்பெனிகள் பலவும் அதைச் செய்து குவித்தன. சந்தையில் எத்தனை பெட்டி என்பதுதான் கணக்கு.

கேள்வி: பழைய டிங்கி விமானம் ஒன்று விலைக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: முதலில் இறக்கையைப் பாருங்கள். லிவர்பூலின் பின்ஸ் ரோடு ஆலையில் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் இந்த டிங்கி பொம்மை விமானங்களை வார்த்தது. துத்தநாகக் கலவையில் துளி ஈயம் கலந்துவிட்டாலும் போதும், ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, ஊதி, வெடிக்கும். இறக்கை தொங்கும், வால் வளையும், கடைசியில் கையோடு உதிரும். இதற்கு வைத்தியம் கிடையாது. வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் வேகம் குறையலாம், அவ்வளவுதான். போருக்கு முந்தையவற்றில் விரிசலில்லாமல் தப்பியவை குறைவு, அதனால்தான் அந்த விலை. நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து, அடிப்பக்கத்தையும் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பெயின்ட். எண்பது தொண்ணூறு வயதுப் பொம்மை நேற்று பூசியது போல மின்னினால், நேற்று பூசியதாகவே இருக்கலாம். புரொப்பெல்லர் மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். அட்டைப் பெட்டியிலும் நகல் உண்டு. ‘நகல்’ என்று சொல்லியே நேர்மையாக விற்பார்கள்; இரண்டாவது கைக்குப் போகும்போது அந்தச் சொல் காணாமல் போய்விடும்.

கேள்வி: பெட்டி இல்லாவிட்டால் விலை அவ்வளவு குறையுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: குறையும். பார்த்து ரசிக்க வாங்குகிறவருக்கு அதுவே லாபம்.

கேள்வி: நிலத்தில் போடும் பணத்தை இதில் போடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். விமானத்தை வார்க்கும் அச்சு கம்பெனியின் கையில் இருக்கும்வரை உங்கள் ‘அபூர்வம்’ அவர்கள் தயவில்தான் இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் கிட்களில் இது பலமுறை நடந்திருக்கிறது: பழைய பெட்டியை யானை விலைக்கு வாங்கி வைத்திருப்பார்கள், அதே அச்சில் மறுபதிப்பு வரும், விலை சரியும். உலோக விமானத்திலும், இன்னும் நேர்த்தியான புதிய அச்சு வந்தால் பழைய அச்சை யார் சீண்டுவார்கள்? நிலத்துக்குப் பட்டா உண்டு. இதற்கு உங்கள் ஆசை ஒன்றுதான் ஆதாரம்.

கேள்வி: நியாய விலையை எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், நெல்லை)

பதில்: கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுத் தீர்ந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் தனியாகப் பார்க்க வசதி இருக்கிறது. ஒருவர் ஐம்பதாயிரம் கேட்டார் என்பதற்காக யாரோ கொடுத்தார்கள் என்று அர்த்தமில்லை.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். கையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கு எனக்கு இல்லையா? (மாணவர், விருதுநகர்)

பதில்: உங்களுக்குத்தான் தம்பி! 1:72 பிளாஸ்டிக் கிட் ஒன்று வாங்கி நீங்களே ஒட்டுங்கள். பெட்டியைத் திறக்காமல் பூட்டி வைத்திருப்பவரைவிட உங்களுக்கு அந்த விமானம் நன்றாகத் தெரியும். சக்கரம் போன, ஆன்டெனா உடைந்த உலோக விமானங்களும் மலிவாகக் கிடைக்கும், சரிசெய்து பழகலாம்.

மூத்த சேகரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை ஏறும் என்று ஒரே விமானத்தில் நாலு பெட்டி வாங்கிப் பரணில் அடுக்கியிருந்தால், அதில் ஒன்றை, வாங்கிய விலைக்கே, இந்தத் தம்பியைப் போன்ற ஒருவருக்குக் கொடுங்கள். இளைஞர்கள் வராவிட்டால் நாளை உங்கள் பெட்டிகளை வாங்கவும் ஆள் இருக்காது.