வெட்டினால் அழியாது, மதினி!

தெற்குச் சீமையில் ஒரு வீட்டின் வம்ச வரலாறு தெரிய வேண்டுமென்றால் பரணில் ஏறிப் பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தால் போதும். பித்தளை அண்டாவில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய பாட்டி பேர். எவர்சில்வர் குடத்தில் மின்பேனா நடுங்கி நடுங்கி எழுதிய அம்மா பேர். டிபன் கேரியரில் ‘அன்பளிப்பு’ என்ற சொல்லுக்குக் கீழே, இன்றைக்குப் பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு சித்தப்பா. பேர் வெட்டாத கரண்டி பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போனால் போனதுதான். திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்தச் சரித்திரத்தில் தானும் ஒரு கை வைக்கலாம் என்று, பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மேசை மேல் வைத்துப் பேர் வெட்டும் கால்வோ ஃபைபர் லேசர் மெஷின் வாங்கினார். ராஜபாளையத்து மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரம். பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். மேகம் கறுத்தால் அணையில் தண்ணீர் ஏறுகிறதோ இல்லையோ, வீட்டில் கரண்ட் இறங்கிவிடும். ஆகவே மெஷினுக்கு முன்னால் யூபிஎஸ் வந்தது. அதற்கும் முன்னால், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சியே கடப்பாரையோடு கொல்லைக்குப் போனார்.

பெட்டியைப் பிரித்தபோது முதல் விமரிசனம் அண்ணன் மனைவியான மதினியிடமிருந்து வந்தது. “20 வாட்டா தம்பி? நம்ம வீட்டு டியூப்லைட்டே 40 ஆச்சே!”

கேள்வி நியாயமானது. டியூப்லைட் தன் 40 வாட்டை அறை முழுக்க இறைத்துவிடுகிறது. ஃபைபர் லேசரோ தன் 20 வாட்டைச் சேர்த்து வைத்து, நொடிக்குப் பல்லாயிரம் துடிப்புகளாக, தலைமுடியைவிடச் சன்னமான ஒரு புள்ளியில் இறக்குகிறது. ஒரு துடிப்பின் உச்சத்தில் சில ஆயிரம் வாட் இருக்கும். அந்த இடத்தில் எஃகு உருகவும் ஆவியாகவும் செய்கிறது. அண்ணாச்சி இதை விளக்கி முடித்தபோது மதினி அடுப்படிக்குப் போய் வெகுநேரமாகியிருந்தது.

இரண்டாவது விமரிசனமும் அவரிடமிருந்துதான்: “இதுல ஒண்ணுமே அசையலையே, ஓடுதா?” அசைவதெல்லாம் உள்ளே. இரண்டு சின்னக் கண்ணாடிகள். ஒன்று கதிரை இடவலமாகத் திருப்பும், மற்றது முன்பின்னாக. மில்லில் ஆயுசு முழுக்க அம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பழகிய அண்ணாச்சிக்கு இது அந்நியமில்லை. காந்தம் ஒன்று, கம்பிச் சுருள் ஒன்று. மின்சாரம் பாய்ந்தால் ஒன்று திரும்பும். கால்வோ என்பது இதுதான். 1858-இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பியில் வந்து சேர்ந்த தந்திச் சமிக்ஞை ஒரு முள்ளை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் முள்ளைத் தூக்கிவிட்டுக் கண்ணாடித் துணுக்கு ஒன்றைத் தொங்கவிட்டார். அது துளி திரும்பினாலும் அதில் பட்டுத் தெறித்த வெளிச்சப் புள்ளி எட்ட இருந்த அளவுகோலில் தாராளமாக நகர்ந்தது. கண்டம் விட்டுக் கண்டம் சேதி படித்த அந்த உபாயம்தான் இப்போது பிளவக்கல்லில் தம்ளருக்குப் பேர் வெட்டுகிறது. சுமந்து நகர்த்த வேண்டிய கனம் எதுவும் இல்லாததால், நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் கதிர் பாய்கிறது.

மெஷினைத் தயார் செய்வது ஒரு தனிச் சடங்கு. முதலில் லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும். கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றித் தலையை ஏற்றி இறக்கினால் தகட்டின் மேல் இரண்டு சிவப்புப் புள்ளிகள் விலகும், நெருங்கும்; இரண்டும் ஒன்றாகிற உயரம்தான் குவியம். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலே கோடு தடிக்கும், ரெண்டு மூன்று தப்பினால் பேர் விழாது. அடுத்து ஒரு சதுரம் வெட்டி ஸ்கேலால் அளக்க வேண்டும். ஓரங்கள் உப்பியிருந்தால் திருத்தக் கோப்பைச் சரிசெய்ய வேண்டும். அதற்கும் அடுத்து பவர், வேகம், அதிர்வெண் மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டம் கட்டமாக ஒரு சோதனைத் தகடு. துருப்பிடிக்காத எஃகில் ஒரு கட்டம் வெளிறும், ஒன்று கறுக்கும், ஒன்று பொன்னிறமாகும். மேலே படியும் ஆக்சைடு ஏட்டின் கனம் கூடக் குறைய நிறம் மாறுகிறது. அண்ணாச்சி அந்தத் தகட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

கண் விஷயத்தில் மட்டும் அவர் விளையாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. 1064 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. எதிரொளித்து வரும் கதிர்கூட விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த மைத்துனர் பைக் கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு, “நான் ரெடி மாமா” என்றார். அவருக்கு வாசல் திண்ணையில் இடம் ஒதுக்கப்பட்டது.

பிறகு தமிழ் வந்தது, தகராறும் வந்தது. ‘பொன்’ என்று அடித்தால் திரையில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு வெற்றுப் பெட்டி. மெஷினோடு வந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்து எழுதத் தெரியவில்லை. வழி ஒன்று இருந்தது. இன்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்துகளை வெறும் கோட்டோவியமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவந்தால் மெஷின் அதைப் பூ, கோலம் என்று எடுத்துக்கொண்டு ஒழுங்காக வெட்டிவிடும். ஒரே சங்கடம், கோலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் உள்ளே போய் ஒற்றெழுத்தை மட்டும் மாற்ற முடியாது. முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு தம்ளருக்குப் பேர் வெட்ட ஆகும் நேரம் சில விநாடிகள். அந்தப் பேர் என்ன என்று வீட்டார் முடிவு செய்ய ஆகும் நேரத்தைத்தான் எந்த மென்பொருளும் காட்டுவதில்லை. கல்யாணச் சீருக்கு வந்த பாத்திரங்களில் பெண்ணின் இனிஷியல் அப்பாவுடையதா, வரப்போகிற மாப்பிள்ளையுடையதா என்று சம்பந்திகள் போனில் பேசிக்கொண்டார்கள். நியூமராலஜிக்காரர் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னாராம், அது ஆங்கிலத்தில். தமிழில் எங்கே கூட்டுவது? கறுப்பாக, வழவழவென்று விழுந்த பேரை அத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, “கைக்குத் தட்டுப்படலையே, பேர் வெட்டின மாதிரியே இல்லியே” என்றார். அதே கோட்டில் கதிர் மறுபடி மறுபடி ஓடிப் பள்ளம் விழுந்த பிறகுதான் அத்தைக்கு நிம்மதி. அண்டா மட்டும் தலைக்குக் கீழே நுழையவில்லை. அண்டா இன்னும் மின்பேனாவின் ராஜ்ஜியம்தான்.

தோப்பில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஃபைபர் லேசர் உலோகத்தில் காட்டும் சமர்த்தை மரத்திலும் சிரட்டையிலும் காட்டாது. தெளிந்த அக்ரிலிக்கை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். அவற்றுக்குக் கரியமில வாயு லேசர்தான் கைகொடுக்கும். 1964-இல் பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கிய குமார் பட்டேல் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். 2023-இல் வந்த எக்ஸ்டூல் எஃப்1 போன்ற மெஷின்களில் உலோகத்துக்கு அகச்சிவப்பு, மரத்துக்கு நீலம் என்று இரண்டு கதிர்கள் உண்டு. அண்ணாச்சி அடுத்து எதற்கு அடி போடுகிறார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

பெரியப்பா ரெக்ஸின் பர்ஸை நீட்டியபோது அண்ணாச்சி கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ரெக்ஸினில் இருக்கிற பிவிசியைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நுரையீரலுக்கும் ஆகாது, லென்ஸுக்கும் ஆகாது. ராஜபாளையம் நாய்க்குக் கழுத்துத் தகடு கேட்டு வந்தவருக்கு உடனே வேலை முடிந்தது. 2005-இல் தபால்தலையில் ஏறிய ஜாதி அது. தகட்டில் நாயின் பேர் சின்னதாக, உரிமையாளர் பேர் பெரிதாக இருந்ததை நாய் ஆட்சேபிக்கவில்லை.

கடைசியில் மதினி தாலிச் சங்கிலியோடு வந்தார். இப்போது விற்கிற ஹால்மார்க் நகைகளில் பிஐஎஸ் முத்திரை, மாற்று அளவு, அதோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க ஹெச்யூஐடி அடையாளம் என மூன்றும் லேசரில் பொறித்திருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைக்கு அந்த ஆறிலக்கம் கட்டாயம். இது மதினிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடையில் தெரிய வந்திருந்தது.

“அவன் வச்சிருக்கிறதும் இதே மாதிரி மெஷின்தானே தம்பி. ஆறு எழுத்துதான். நீயே ஒண்ணு போட்டுக் குடு.”

“சொந்தமா போட்டா போலீஸ் வரும் மதினி. அங்கீகாரம் வாங்கின சென்டர்ல தங்கத்தைச் சோதிச்சுப் பார்த்துத்தான் நம்பர் குடுப்பாங்க. பிஐஎஸ் கேர் ஆப்ல தட்டினா எந்த நகை, என்ன மாத்துன்னு காட்டிரும்.”

மதினி கொஞ்சம் யோசித்தார். “அப்ப சின்ன வயசுப் போட்டோல இருக்கிற மாதிரி, உங்க அண்ணன் மூஞ்சியைப் போட முடியுமா?”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போட்டோவில் முடி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். முடி அதிகமிருந்தால் நேரம் அதிகமாகும்.