தூளி வந்த இரவு

அமராவதி நகர் சைனிக் பள்ளியில் என் தங்கை மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். 1962இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் மாணவிகளைச் சேர்க்க ஆரம்பித்தது 2021இல்தான். ஆறாம் வகுப்பில் சேர்ந்த அந்த முதல் வரிசைப் பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. டிசம்பர் விடுமுறைக்கு உடுமலைக்கு என் வீட்டுக்கு வந்தவள், இரண்டாம் நாள் காலையில் ஒரு நோட்டோடு எதிரே உட்கார்ந்தாள். பதினொன்றில் உயிரியல் எடுப்பதா, விடுவதா? அதுதான் கேள்வி.

நோட்டில் எல்லாம் இருந்தது. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். 2025இல் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். எந்தக் கல்லூரிக்கு எந்த வகுப்பினருக்கு எவ்வளவு கட்-ஆஃப், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஆகும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை. என் வயிற்றில் என்னவோ செய்தது. நான் அந்த வயதில் அதே பள்ளியில் இருந்தபோது இதில் ஒரு எண்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

1987 ஐப்பசி என்று நினைவு. விடுதியில் ஒருவனுக்கு அம்மை போட்டு, வரிசையாகப் பத்துப் பேருக்கு வந்துவிட்டது. எங்களைப் பள்ளியின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் படுக்க வைத்திருந்தார்கள். கொப்புளம் காய்ந்து, ஒட்டாது என்று சொன்ன பிறகும் இரண்டு நாள் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். அப்படி இருந்த ஒரு ராத்திரி, மழை விட்டும் விடாத நேரம், வெளியே ஆள் சத்தம். தளிஞ்சிப் பக்கமிருந்து மலைவாழ் மக்கள் நாலைந்து பேர், கூட்டாற்றைக் கடந்து, ஒரு பெண்ணை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். நிறைமாதம். வலி எடுத்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டதாம். உடுமலை பெரியாஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டு வந்தார்கள்.

வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு வேண்டியது. எம்.ஐ. ரூமில் இருந்த உதவியாளரை நாங்கள் கம்பவுண்டர் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ராணுவத்தில் இருந்து வந்தவர், எங்களிடம் சிடுசிடுப்பார். என் கையில் டார்ச்சைக் கொடுத்து, "ஆடாமப் பிடிடா" என்றார். தூளிக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் மண்டியிட்டு அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் மருந்து எதுவும் இல்லை. "தாயி, நான் இங்கதான் இருக்கேன். வண்டி வந்துட்டே இருக்குது" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் அவரிடம் நான் கேட்டதில்லை. கத்திக்கொண்டிருந்த அந்தப் பெண் மெல்ல அடங்கி அவர் முகத்தையே பார்த்தாள். டார்ச் என் கையில் ஆடவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

வண்டி போய்விட்டது. அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது டாக்டராக வேண்டும் என்று நான் முடிவு செய்துவிடவில்லை. சைனிக் பள்ளி என்பது பிள்ளைகளைக் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு அனுப்பவென்றே ஏற்பட்டது. நானும் அதற்குத்தான் ஓடினேன், குதித்தேன். எழுத்துத் தேர்வில் தேறி, பெங்களூரில் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வின் ஐந்து நாளையும் தாண்டினேன். மருத்துவப் பரிசோதனையில் தட்டைப் பாதம் என்று எழுதினார்கள். அதை எதிர்த்து மறுபரிசோதனை கேட்கலாம். அதே சமயத்தில், எல்லோரும் எழுதுகிறார்களே என்று நானும் எழுதியிருந்த மாநில நுழைவுத் தேர்வில் கோவை மருத்துவக் கல்லூரிக்கு இடம் வந்தது. 1984 முதல் தமிழ்நாட்டில் இருந்த தேர்வு அது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு அதையும் சேர்த்துத் தரவரிசை போடுவார்கள். பள்ளிப் பாடப் புத்தகம், ஒரு கைடு, மெஸ்ஸில் இருந்து ராத்திரி கொண்டுவந்த கட்டன் டீ, இவ்வளவுதான் என் தயாரிப்பு.

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவரிடம் இரண்டு கடிதங்களையும் காட்டினேன். எது என்று அவர் சொல்லவில்லை. "வெட்டிட்டா துணி ஒட்டாது, சாமி. மேல கை வெக்கறதுக்கு முந்தி ஒருக்கா தொட்டுப் பாத்துக்கோணும். நீ எதத் தொட்டுப் பாத்திருக்கற?" என்று கேட்டார். நான் தொட்டுப் பார்த்தது ஒன்றே ஒன்று, அந்த டார்ச். மறுபரிசோதனைக்கு எழுதவில்லை. 1990இல் அவினாசி சாலையில், பீளமேட்டில் உள்ள அந்த மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது இங்கே என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி ஜனங்கள். பஞ்சுத் தூசியில் விடாத இருமல், பகலெல்லாம் நின்றே வேலை பார்க்கும் செக்கிங் பெண்களுக்குக் கால் வீக்கம், பவர்டேபிள் ஊசி விரலில் ஏறிய டைலர்கள். இவர்கள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைய டாக்டருக்குப் படிக்க வெக்கலாமுங்களா?" கைமடி உதவியாளாக வேலைக்குச் சேர்ந்து டைலரான ஒரு தாய், மகளின் கோச்சிங்குக்காக லட்ச ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிவிட்டு வந்து அதைக் கேட்டாள். படிக்க வைக்கலாம், தாராளமாக வைக்கலாம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, இந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கிறார்கள். பிளஸ் டூவில் 1176 மதிப்பெண் வாங்கியும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் குழுமூர் அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போன பிறகு வந்த ஒதுக்கீடு அது. அந்தப் பெண்ணை நினைக்காமல் இந்தப் பேச்சை என்னால் பேச முடிவதில்லை. ஒரு தேர்வு ஒரு பிள்ளையின் ஆசையை மட்டும் அல்ல, உயிரையும் எடுக்கும் அளவுக்குப் பெரிதாக வளர நாம் விட்டிருக்கக் கூடாது.

ஆனால் அந்தத் தாயிடம் நான் கேட்டேன்: "பாப்பா எப்பவாச்சும் நோயாளி பக்கத்துல உக்காந்திருக்குதுங்களா?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. சீட் கிடைக்குமா என்ற பயம், இந்த வேலை இந்தப் பிள்ளைக்குப் பிடிக்குமா என்ற விசாரிப்பை முழுசாக விழுங்கிவிட்டது.

தங்கைக்கு வேறு பயம். "அண்ணா, நைட் டூட்டி பாக்கோணுமே, பொம்பளப் புள்ள" என்றாள். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பணியிலிருந்த பெண் டாக்டருக்கு நடந்ததை எந்தத் தாயும் மறக்க முடியாது. அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. ஐந்தரை வருஷப் படிப்பு, அதன்மேல் மூன்று வருஷ மேற்படிப்பு, தூக்கமில்லாத டூட்டி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

நோட்டை மூடிவிட்டு மருமகள் கேட்டாள்: "மாமா, உங்களுக்கு இந்த வேலை புடிச்சிருக்குதுங்களா?"

"நாளைக்கு என்கூட வா, கண்ணு" என்றேன்.

ஒரு நாள் முழுக்க ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நோயாளிகளிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார வைத்தேன். மதியம் ஒரு முதியவர் வந்தார். சர்க்கரைப் புண், உள்ளங்காலில் குழியாகிவிட்டது. கட்டைப் பிரித்ததும் அறையெல்லாம் வாடை. அவள் மூக்கைப் பொத்தவில்லை, எழுந்து போகவும் இல்லை. கட்டுப் போட்டு முடித்த பிறகு அவர் வேட்டி முடிச்சை அவிழ்த்து, பஸ்ஸுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை எண்ணினார். வேண்டாம் என்று கையை மடக்கி அனுப்பினேன்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "அந்தப் புண்ணு ஒண்ணும் பண்ணலீங்க மாமா. அவரு காசு எண்ணுனதுதான் கஷ்டமாப் போச்சு."

அவள் உயிரியல் எடுக்கப் போகிறாள். டாக்டராவாளா, ராணுவத்துக்குப் போவாளா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. 2022 முதல் அகாதமியும் பெண்களைச் சேர்க்கிறது. புனே ராணுவ மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அவசரமில்லை.

2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் திருப்பூருக்கு நூறு இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனாலும் உடுமலை மலைக் கிராமங்களில் இருந்து கர்ப்பிணிகளைத் தூளி கட்டித் தூக்கி வரும் செய்தியைச் சமீப ஆண்டுகளிலும் நான் படித்திருக்கிறேன். அந்தத் தூளிக்குக் கீழே மண்டியிட ஆள் வேண்டும்.

பெற்றோர்களே, கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன், ஒரு திங்கட்கிழமை பிள்ளையைப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய், புறநோயாளிகள் வரிசைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார வையுங்கள். காலை ஏழரை மணிக்கெல்லாம் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும்.