அக்னித் தலத்தில் ஒரு ரேடியேட்டர்

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்னிக்கு உரியது. இந்த ஊரில் பழைய டீசல் ஜீப்பை வைத்துக்கொண்டு, இன்ஜின் சூடாகிறது என்று யாரிடம் போய் முறையிடுவது? போதாததற்கு, ரமணாசிரமத்துக்கு இந்தப் பக்கம் அக்னி லிங்கம், அந்தப் பக்கம் எம லிங்கம். தண்ணீருக்கு அதிபதியான வருணனோ மலைக்கு மேற்கே போய் உட்கார்ந்திருக்கிறார்.

செங்கம் சாலையில் அறுபதில் வரும்போது டெம்பரேச்சர் முள் சமர்த்தாக நடுவில் நிற்கும். ஆசிரமம் நெருங்கி, டூரிஸ்ட் பஸ், ஆட்டோ, மாடு, காவி வேட்டி எல்லாவற்றுக்கும் வழிவிட்டு ஊர்ந்தால் சிவப்பைத் தொடும். நோய் எங்கே என்று இதிலேயே தெரிந்துவிடும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு; ஊரும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. ஊரும்போது மட்டும் கொதித்தால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். வேகத்திலும் கொதித்தால் ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம். உப்புப் படியும் போர் தண்ணீரையே ஊற்றிப் பழகியவர்களுக்கு அந்தப் பாக்கியமும் கிட்டும்.

ஆனால் பானெட்டைத் தூக்கினால் யோசிக்க விடுவார்களா? மௌனம் தேடி உலகமெல்லாம் இந்தத் தெருவுக்கு வருகிறது. அந்த மௌனத்தைக் கலைக்கத் திறந்த பானெட் ஒன்று போதும்.

“தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டிப் போடு சார், நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?” என்றார் ஆட்டோக்காரர். தமிழ்நாட்டில் அந்த வால்வைப் போல அவமானப்பட்ட பாகம் வேறில்லை. சுமார் 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. கழற்றி எறிந்தால் மார்கழிக் காலையில் இன்ஜின் நடுங்கிக்கொண்டே டீசல் குடிக்கும்.

அதற்குள் ஒரு இளைஞர் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். கையைத் தட்டிவிட்டேன். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. திறந்த கணமே சீறி முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஆறும்வரை டீ குடிப்பதுதான் முறை. குடித்தோம், எல்லோருக்கும் என் கணக்கு.

கடைசியாக வந்தவர் ஒரு சாமியார். “மஞ்சத்தூள் கொட்டுங்க சாமி, லீக்கு நின்னுடும்.” லீக்கே இல்லையே என்றேன். முன்பு லாரி ஓட்டியவராம். “நான் துறந்தது குடும்பத்தத்தான், லாரிய இல்ல” என்று முறைத்தார். மஞ்சள்தூள் சின்ன ஓட்டையை அடைக்கும், உண்மைதான். கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அரை அங்குலம் இறங்க வேண்டியது, தொட்டில் மாதிரி ஆடியது. ஆல்டர்நேட்டர் போல்ட்டைத் தளர்த்தி, லீவரால் நெம்பி, இறுக்கியாயிற்று. மறுநாள் வீட்டில் ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினேன். ஜவ்வாது மலைச் செம்மண், புல் விதை, தட்டான் இறக்கை எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. முன்பக்கமிருந்து பீய்ச்சினால் அத்தனையும் இன்னும் உள்ளே போய் இறுகும்.

இப்போது அதே கூட்டத்தில் ஊர்ந்தாலும் முள் அசைவதில்லை. ஆசிரம வாசலில் சாமியாரைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

“மஞ்சத்தூள் போட்டீங்களா?”

“இல்லை சாமி.”

“அதான பாத்தேன். ரொம்ப நாள் ஓடாது.”