பதிவேட்டில் உள்ளபடி

பள்ளிக்கூடத்தில் நிலையாகத் தங்குபவர் எவர் என்று ஆராயப் புகுந்தால், மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் போய்விடுகிறார், ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்ததும் போய்விடுகிறார், தலைமையாசிரியர் பொன்னாடையோடு ஓய்வில் போய்விடுகிறார் என்பதும், எங்கும் போகாமல் இருப்பவை அலுவலக அறையின் இரும்பு பீரோவில் அடுக்கிய பதிவேடுகள் மட்டுமே என்பதும் புலப்படும். நடந்ததை எழுதி வைக்கும் புத்தகமே பதிவேடு என்பது பொதுவான கருத்து. பள்ளி அலுவலகத்தின் சன்னலோரம் அரை நாள் காத்திருந்தவர்களோ, எழுதி வைத்ததே நடந்தது என்ற முடிவோடு வீடு திரும்புகிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்தைக் கடந்து கொல்லிமலைக்குப் போகும் சாலையில், காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னதாக அமைந்த காளப்பநாயக்கன்பட்டி வட்டாரத்தில் இந்த முடிவுக்குக் கூடுதல் வலு உண்டு. மலையிலும் அடிவாரத்திலும் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை, குழந்தை பிறந்தது பலா பழுத்த காலம் என்றோ, ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் என்றோ குடும்பத்தார்க்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். அதைத் தேதியாக்கித் தரும் பொறுப்பு மட்டும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருடையது. வலக்கை தலைக்கு மேலாக வளைந்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்பது அக்காலத்தில் தமிழகம் முழுவதும் செல்லுபடியான உடற்கூற்றியல். ஜூலை 31 அன்று ஐந்து நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியும் உடன் இருந்ததால், காது எட்டிய குழந்தைகள் அனைவரும் ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஜூனிலோ பிறந்தவர்கள் ஆனார்கள். ஆடியில் பிறந்த பிள்ளையைச் சித்திரையில் பிறக்க வைக்கும் ஆற்றல் சோதிடர்க்கும் வாய்க்காதது. ஒரு மைப்பேனாவுக்கு அது வாய்த்தது.

அவ்வாறு எழுதப்பட்ட தேதி, உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டுக்கு இடம் மாறும்போது சாசனமாகிறது. சேர்க்கைப் பதிவேடு என்பது, பள்ளியில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் வரிசை எண் இட்டு, பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, இனம், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள் ஆகியவற்றை எழுதி, நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டிய தடித்த புத்தகம். அதில் உள்ள தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும், அங்கிருந்து அரசுப் பணியின் பணிப்பதிவேட்டுக்கும் போகிறது. பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் அதைத் திருத்தக் கோரலாம் என்பது தமிழக அரசுப் பணி விதி. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் அதற்கு முந்தின மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது மற்றொரு விதி. ஆகவே, ஜூன் 2 என்று எழுதாமல் ஜூன் 1 என்று எழுதிய ஒரு கையின் அவசரம், அறுபது வயதை நெருங்கும் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் ஆகிறது. பெற்ற தாயே நேரில் வந்து சொன்னாலும் பயனில்லை. தாய் வாய்மொழி, பதிவேடு எழுத்துமொழி. 2023ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம் என்று ஆகிவிட்டபடியால், காதுகளுக்கு இனி கேட்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

டி.சி. என்று ஊரார் அழைக்கும் மாற்றுச் சான்றிதழ், ஒரு பள்ளியிலிருந்து விலகியவர் அடுத்த பள்ளியில் காட்ட வேண்டிய தாள். சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி காலாற வெளியே நடந்து வருவது என்றும் இதனைக் கொள்ளலாம். இதில் அங்க அடையாளங்கள் என்ற ஒரு கலம் உண்டு. அடையாளங்கள் இரண்டு இருந்தாக வேண்டும். மச்சம் ஒன்றே உடைய மாணவர் எழுத்தர் முன் சட்டைக் கையை மடித்தும், முழங்காலைக் காட்டியும், இறுதியில் சைக்கிளிலிருந்து விழுந்த பழைய தழும்பை நினைவுகூர்ந்தும் கணக்கை நேர் செய்வார். நடத்தை என்னும் கலத்தில் ‘நன்று’ என்பதைத் தவிர வேறொரு சொல்லைக் காண்பது அரிது. ஆசிரியர் அறையில் ஆண்டு முழுவதும் பேசப்பட்ட மாணவனும் விலகும் நாளில் ‘நன்று’ பெறுகிறான். அவன் விலகுவதே நன்று என்ற பொருளில் எழுத்தர் அதை எழுதுகிறாரா என்பது ஆய்வுக்குரியது.

நாள்தோறும் உயிர்த்துடிப்போடு இயங்குவது வருகைப் பதிவேடு. காலையில் ஒரு சாய்கோடு, பிற்பகலில் அதை வெட்டி ஒரு சாய்கோடு, வராதவர்க்குச் சிவப்பு மையில் ஒரு சிற்றெழுத்து என்ற அளவில் எளிமையானது போலத் தோன்றும் இப்புத்தகத்தின் சிக்கல் நண்பகலில்தான் வெளிப்படும். முட்டை விலைக்கு நாடறிந்த நாமக்கல் மாவட்டத்தில், பத்தாம் வகுப்பு வரையிலான சத்துணவில் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை உண்டு என்பதால், வந்த தலைகளும் உண்ட முட்டைகளும் இருக்கும் முட்டைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும். மிளகு பறிப்புக்கு மலையேறிவிட்ட ஒரே ஒரு மாணவர், வருகைப் பதிவேடு, தலைமையாசிரியர் அறைக் கரும்பலகையின் ‘பதிவு – வருகை’ எண்ணிக்கை, எமிஸ் செயலி, சத்துணவுப் பதிவேடு, முட்டை இருப்பு என ஐந்தையும் ஒருசேர அசைத்துவிடுகிறார். இதே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஓர் அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு காட்டும்; ஓரிக்கு அதன் பிறகு ஐந்தையும் எழுதிக் கையொப்பமிடும் வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

எமிஸ் என்பது பள்ளி, ஆசிரியர், மாணவர் விவரங்களை இணையத்தில் திரட்டும் தமிழக அரசின் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. காகிதத்தைக் குறைக்க வந்த இதில் ஏற்றியதற்குச் சான்றாக அச்செடுத்து ஒரு கோப்பும், அச்சு அழிந்தால் பார்த்துக்கொள்ள ஒரு குறிப்பேடும், சிக்னல் கிடைக்காத நாளுக்கென்று ஒரு துண்டுத் தாளும் வைத்துக்கொள்ளும் ஆசிரியர்களைக் குறை சொல்ல இயலாது. ‘உடனே’ என்று கேட்கும் மேலிடத்துக்கு எது எப்போது தேவைப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஆனால் கணக்கு ஆசிரியர் கணக்கு நடத்தாமல் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பாடவேளைகளை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற வழியில்லை என்பது இம்முறையின் பெருங்குறை.

இருப்புப் பதிவேட்டின் தத்துவம் வேறு. கால் உடைந்த நாற்காலி உடைந்ததாலேயே இல்லாமல் போய்விடாது. உபயோகமற்றது என்று முறைப்படி அறிவித்து, அனுமதி பெற்று, ஏலம் விட்டுக் கழிக்கும் வரை அது ‘நாற்காலி – 1’ என்றே வாழும். எனவே ஆண்டாய்வு நாளில் அது சுவரோடு சாய்த்து நிறுத்தப்பட்டு, எவரும் உட்காராதபடி ஒரு கடைநிலை ஊழியரின் காவலில் இருக்கும். இத்தனை எழுத்தையும் ஆய்வு அலுவலரைவிட ஆழ்ந்து வாசிப்பவை, ராமபாணம் என்னும் தாள் தின்னும் பூச்சிகள்தாம். அவை மட்டும் எந்தப் பக்கத்திலும் சுருக்கொப்பம் இடுவதில்லை.

பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அதை உறையில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடாமல், பெயரின் எழுத்து, முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு, பிழை இருந்தால் சன்னலை விட்டு நகராமல் அப்போதே எழுத்தரிடம் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைத் திருத்தப் பள்ளிக்கு வாய்ப்புத் தரும் நாட்களில் பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த நாட்கள் கடந்துவிட்டால், ஓர் எழுத்துக்காக எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டியிருக்கும் என்பதை ஏறியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.